கழுவி வைத்த கிணறு

புளித்த கஞ்சியில் நனைந்த சாக்கை ஊறப்போட்டு, அதில் ஒரு கை சாணத்தையும் கரைத்தால் என்ன வாடை வருமோ அந்த வாடை. ஆட்டையாம்பட்டி தாண்டியதும் பேருந்தின் இந்த ஜன்னலில் ஏறி அந்த ஜன்னலில் இறங்கிப் போனது. முன் இருக்கைப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கண்டக்டர், "சேகோ ஃபேக்டரிங்க, ரெண்டு நிமிசம் பொறுத்துக்கங்க" என்று எல்லோருக்குமாகச் சொன்னார். நான் மூக்கைப் பொத்தவில்லை. குச்சிக்கிழங்கை அரைத்து, மாவைப் படியவைத்து, ஜவ்வரிசியாக உருட்டி எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுநீர் அது. என் சட்டைப் பையில், விரல் இடுக்கில், சாப்பாட்டு டப்பாவில் இருபத்தாறு வருடம் இருந்த வாடை. ஓய்வு பெற்று வந்து நான்கு மாதமாகியும் அது என்னை அடையாளம் கண்டுகொண்டது.

அதே வாரத்தில்தான் நித்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் விட்டு வந்த ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். "சார், இப்பக் கிணத்து மீட்டரெல்லாம் தானாவே ஃபோனுக்கு ரீடிங் அனுப்பிடுது. ஆனா ஃபார்ம்ல கடைசியா 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இன்னும் இருக்கே, அதுல என்ன எழுதறது? எல்லாரும் 'ஒன்றுமில்லை'ன்னு போடுறாங்க."

நானும் வருடக்கணக்காக அப்படித்தான் போட்டேன். எங்கே போட்டிருக்கக் கூடாதோ அங்கேயும் போட்டேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வேதியியல் படித்துவிட்டு நிலத்தடி நீர் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் கண்ணாடிக் குடுவை கழுவியதில் போயிற்று. பிறகு களத்துக்கு அனுப்பினார்கள். கெங்கவல்லியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் என் வண்டி நிற்காத கிணற்று மேடு குறைவு. எட்டிப் பார்ப்பேன், நாடாவை இறக்குவேன், தண்ணீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று குறிப்பேன், மாதிரி எடுப்பேன், அடுத்த கிணறு. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது கருங்கல். அதற்குள் நதி எதுவும் ஓடவில்லை. தலைமுடி கனமுள்ள விரிசல்களில் தண்ணீர் ஒடுங்கிக் கிடக்கிறது. ஒரு விரிசலில் ஊற்றியது நாற்பது ஏக்கருக்கு அப்பால் யாருடைய குடத்தில் வந்து நிற்கும் என்று மேலே நடக்கிறவனுக்குத் தெரியாது. இதுதான் என் படிப்பு முழுக்க. மற்றதெல்லாம் முறை.

முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்றில் தேங்கி நிற்பதை அப்படியே மொண்டுவரக் கூடாது. மோட்டாரைப் போட்டு ஓடவிட வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை மீட்டரை முக்கி, கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஒரே எண் வந்தால்தான் அது பாறையிலிருந்து ஊறி வருகிற நீர். அதிலேயே பாட்டிலை மூன்று தரம் அலசி, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, மூடி, நூல் கட்டி, அரக்கு வைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் இறக்க வேண்டும். புகார் என்றால் இரண்டு தரப்பும் பக்கத்தில் நிற்க வேண்டும். நடந்ததை மகஜராக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எந்த நாளில் வருகிறோம் என்பது எந்தத் தரப்புக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது. அன்று காலையில்தான் சொல்லி வரவழைக்க வேண்டும். நம் ஆள் வாய் தவறிச் சொல்லியிருந்தால் அந்த மாதிரி செல்லாது; வேறொரு நாளில் புதிதாக எடுத்தாக வேண்டும்.

இந்த முறைகளை வேதம்போல் காத்தவர் கலைச்செல்வி மேடம். என்னைவிட எட்டு வயது இளையவர், எனக்கு அதிகாரி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கிணற்று மேட்டில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுவார். பக்தி என்று நினைத்தேன். "சேறு உள்ள விழுந்தா ரீடிங் மாறும் சார்" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் மகஜர் எழுதி முடித்ததும் ஒன்று செய்வார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படிப்பார். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல தப்பா ஏதும் இருக்கா? விட்டுப்போனது ஏதும் இருக்கா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேனாவைத் திறக்காமல் காத்திருப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காகம் கரையும், தூரத்தில் லாரி கியர் மாற்றும், யாராவது இருமுவார்கள். அவர் காத்திருப்பார். அந்த மௌனத்தில் எத்தனையோ பேர் உண்மையை ஒப்புக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அர்த்தனாரியின் புகார் வந்தது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு. ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அவருடைய திறந்தவெளிக் கிணற்றில் நான்கு வீடு குடித்துக்கொண்டிருந்தது: அவர் வீடும், மூன்று பங்காளிகள் வீடும். தண்ணீர் மஞ்சளாகி நாறுகிறது, மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சேகோ ஆலை. அதன் வளாகத்துக்குள் வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. கழிவுநீரைக் குழாய் வைத்து அதற்குள்ளேயே இறக்குகிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். மாதிரியில் கழிவு இருப்பது நிரூபணமானால் அந்தக் குழியை மூட உத்தரவாகும். ஆகாவிட்டால் புகார் தள்ளுபடி.

இடம் பார்த்துவர முதலில் நான் தனியாகப் போனேன். மோட்டார் இருக்கிறதா, வண்டி போகுமா என்று பார்க்கிற வேலைதான். அர்த்தனாரி வாளியை இறக்கி மொண்டு காட்டினார். அரைத்த மஞ்சளைக் கரைத்ததுபோல் இருந்தது. வாடையைச் சொல்லியாயிற்று. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டு அதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். அவர் மனைவி பாவாயி விடவில்லை.

"வந்தவிங்க கை நனைக்காம போறதாவது? அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கியிருக்குது. தண்ணி எங்கப்பன் ஊட்டுக் கெணத்துல இருந்து வந்ததுங்க, பயப்படாம தின்னுங்க சாமி."

தின்றேன். கை கழுவும்போது அர்த்தனாரி கேட்டார்: "பெரிய ஆபீசரம்மா எப்பங்க வாராங்க? கெழங்கு லோடு ஏத்தப் போயிருவேன், நானில்லாத நாள்ல வந்துட்டுப் போயிட்டாங்கன்னா என்ன பண்றது?"

சோறு இன்னும் தொண்டையைத் தாண்டியிருக்காது. "வர்ற வியாழக்கிழமை, காலையில. வெளிய போயிடாதீங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

வியாழக்கிழமை மேடமும் நானும் போய் இறங்கியபோது களம் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டிருந்தது. வரவழைத்திருந்த ஆலை மேனேஜர் முன்னமே வந்து வேப்பமர நிழலில் நின்றிருந்தார். பாவாயி புதுச்சேலை. கிணற்று மேட்டில் மஞ்சள்நீர் தெளித்த ஈரம். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அடிப்படிக்கட்டு தெரிந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெளிவாக இருந்தன.

"நாலு நாளா மூணு பேஸ் கரண்டு இருக்கற நேரம் பூரா மோட்டாரை நிறுத்தவே இல்லீங்க" என்று அர்த்தனாரி மலர்ச்சியோடு சொன்னார். "மொத்தத்தையும் எறச்சு, உள்ளார எறங்கிச் சுவத்தைத் தேச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டு, மாமனார் ஊட்டுக் கெணத்துல இருந்து டேங்கர்ல கொண்டாந்து ஊத்துனமுங்க."

"எதுக்குங்க?" என்றார் மேடம்.

பாவாயிதான் பதில் சொன்னார். "ஏனுங்கம்மணி, ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வாரப்ப ஊட்டை நாறப்போட்டு வெப்பாங்களா? ஒரு பொம்பள ஆபீசரு வந்து எட்டிப் பாத்து மூக்கப் பொத்துனா எங்களுக்கு என்னங்க மருவாதி? அதான் பேப்பர்ல எல்லா நாத்தத்தையும் எழுதிக் குடுத்திருக்குதே."

மேனேஜர் சிரித்தார். கிணற்று மேட்டுக்கு வந்து, "ஒரு சொம்பு குடுங்கக்கா" என்று வாங்கி, மடமடவென்று குடித்து, உதட்டைத் துடைத்தார். "எங்க ஃபேக்டரித் தண்ணி இத்தனை இனிப்பா இருக்கும்னு எனக்கே தெரியாதுங்க மேடம். எழுதிக்கங்க."

அர்த்தனாரி முகத்தில் அப்போதுதான் ஏதோ விளங்கத் தொடங்கியது. பாவாயியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மேடம் அவரிடம் மெதுவாகக் கேட்டார். "நாங்க இன்னைக்கு வர்றோம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இப்ப இல்ல, நாலு நாளைக்கு முன்னாடி?"

நான் மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்து, துடைத்து, மறுபடியும் துடைத்தேன்.

"ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்கங்க" என்றார் அர்த்தனாரி.

என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் வீட்டில் தின்றவனை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மனிதருக்குத் தெரியாது, காட்டிக்கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று. ஆய்வக ஆளே நாளைச் சொல்லிவிட்டான் என்றால் குற்றம் எங்களுடையது, மறுமாதிரிக்கு உத்தரவாகியிருக்கும். யாரும் சொல்லாமல் புகார்தாரரே கிணற்றை இறைத்து வெளித்தண்ணீர் ஊற்றினார் என்றால், தடயத்தில் கைவைத்தவர் அவர். இந்த விதி அந்தக் களத்தில் மூன்று பேருக்குத் தெரியும்: மேடத்துக்கு, மேனேஜருக்கு, எனக்கு.

மேடம் விடவில்லை. "ஊத்துன தண்ணி மொத்தமும் வெளிய போகட்டும். ஊத்துத் தண்ணி வரட்டும், காத்திருப்போம்" என்று மோட்டாரைப் போடச் சொன்னார். கல்லின்மேல் உட்கார்ந்தார். கால்மணிக்கு ஒருமுறை நான் எண்ணைச் சொல்ல, அவர் எழுதினார். பகல் முழுக்க எண் அசையவில்லை; அது டேங்கர் தண்ணீரின் எண், கணக்கில் சேராது. நான்கு மணிவாக்கில் மெல்ல ஏறத் தொடங்கியது. அடியில் ஒரு பாறை இடுக்கிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் கசிவதை என் கண்ணால் பார்த்தேன். மேலும் ஏறியது. மேலும். அப்போது மோட்டார் நின்றது.

"மூணு பேஸ் கரண்டு போயிருச்சுங்க. இனி நாளைக்குத்தான்" என்றார் மேனேஜர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. புகார்மீது விசாரணை மறுநாள் காலையிலேயே; இன்னொரு முறை இறைக்க நேரமில்லை.

"மேடம், வாளியால அந்தக் கசிவை மட்டும் மொண்டுடலாம்" என்றேன்.

"ஊத்துத் தண்ணியில மூணு ரீடிங் ஒண்ணா வந்துச்சா சார்?"

வரவில்லை.

மகஜரை எழுதினார். சத்தமாகப் படித்தார். மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதுல தப்பா ஏதும் இருக்கா? விட்டுப்போனது ஏதும் இருக்கா?"

காத்திருந்தார். காகம் இல்லை, லாரி இல்லை. மேனேஜர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். அர்த்தனாரி கோலத்தின்மேல் நின்றிருந்தார். என் நாக்கின் நுனியில் ஒரே வரி. 'நாளைச் சொன்னது நான்.' சொன்னால் மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், அடுத்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு நிற்கும். அவர் எனக்காகத்தான் காத்திருந்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் என் கையால் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

திரும்பும்போது ஜீப்பில், முதலில் தனியாகப் போனபோது பிடித்த பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டேன், கழிவுநீரேதான், அந்த எண்ணைப் போட்டுவிடலாம் என்றேன். பாதிப் பாவத்தைச் சொன்னால் மீதி கரையும் என்று நினைத்தேனோ?

"எடுக்கும்போது யார் இருந்தாங்க?"

"நானும் அவரும்."

"அப்ப அது உங்களுக்குத் தெரிஞ்ச உண்மை சார். விசாரணைக்குத் தெரிஞ்சது இல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் புகார் தள்ளுபடியானது. தடயத்தில் கைவைத்தவர் என்ற சொல் உத்தரவில் இருந்தது. அர்த்தனாரி அதை வாங்கி நான்காக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு மேடம் செய்ததை நித்யாவும் மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். புகார்தாரரின் கிணற்றை நம்பியிருப்பது தப்பு என்று எழுதினார். ஒவ்வொரு ஆலை எல்லையிலும் அரசே ஒரு கண்காணிப்புத் துளை போட வேண்டும், பூட்டுப் போட்டுச் சாவி ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினார். கோப்பு திரும்பி வந்தது, முன்னுதாரணம் இல்லை என்று. மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. ஒருமுறை கூட்டத்துக்கு விரிசல் ஓடிய கருங்கல் துண்டு ஒன்றைப் பையில் எடுத்துப் போனார், நான்தான் சுமந்தேன். மேசையில் தட்டு வைத்து, கல்லை வைத்து, மேல்பக்கம் ஒரு கரண்டி மஞ்சள்நீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் கல்லின் விலாவிலிருந்து ஒரு மஞ்சள் சொட்டு பிதுங்கித் தட்டில் விழுந்தது. "இந்தக் கல்லு ஒரு சாண். அந்த ஊர்க் கல்லு நாப்பது ஏக்கர். வேற வித்தியாசம் இல்ல" என்றார்.

உத்தரவு வர ஐந்து வருடம் ஆயிற்று. முதல் துளைகளில் ஒன்று அர்த்தனாரியின் நிலத்து மூலையில், வேலியோரம். இடம் கேட்டபோது மறுபேச்சில்லாமல் கொடுத்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து துளைத்தது. பாறைப்பொடி வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது, பிறகு ஈரமாயிற்று, பிறகு மஞ்சள் நுரை பீய்ச்சி அடித்தது. ரிக் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். அன்று மூன்று எண்ணும் ஒன்றாக வந்தன. மகஜரில் ஆலைத் தரப்பு கையெழுத்துப் போட்டது. வளாகத்துக்குள் இருந்த குழியை எங்கள் கண் முன்னால் சிமென்ட் ஊற்றி அடைத்தார்கள்.

ஆனால் கல்லுக்குள் போனது உடனே வெளியே வந்துவிடாது. வருடத்துக்கு இரண்டு முறை போய் அளந்தேன். எண் இறங்கியது, ஆமை மாதிரி. குடிக்கிற அளவுக்கு அது இறங்கும் முன் நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதுகுத்தண்டு வண்டியை ஏற்க மறுத்தது.

இடைப்பட்ட காலத்தில் அந்த நான்கு வீடும் நான்கு திசையாகியிருந்தது. மூன்று பங்காளி வீட்டாரும் அர்த்தனாரியோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "கெணத்தைக் களுவறேன்னு கேஸைக் களுவி ஊத்துனவன்" என்பது அவருக்குப் பட்டப்பெயர். ஐந்து வருடம் கூடுதலாக அந்த மஞ்சள் தண்ணீரோடு மல்லுக்கட்ட வைத்தவர் அவர்தான் என்பது அவர்கள் கணக்கு. மகள் கல்யாணத்துக்குப் பங்காளி மூன்று பேரும் வரவில்லை. பந்தலில் அவர்கள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்ததைப் பாவாயி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபோதும் நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி அளவெடுக்கப் போன காலை. துளையின் பூட்டைத் திறந்து, நாடாவை இறக்கி, மாதிரி எடுத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டேன். அர்த்தனாரி கிழங்குக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டினார்.

"இனி நான் வரமாட்டேனுங்க. வேற ஆள் வருவாங்க" என்றேன்.

"அட, என்னங்க இது? எங்களுக்கு முன்னால ரிட்டயர் ஆயிட்டீங்க?" என்று அர்த்தனாரி சிரித்தார். "ஒரு வா சாப்பிட்டுட்டுப் போலாமுங்க."

"இல்லீங்க. ஒண்ணு சொல்லணும்." நின்றபடியே சொன்னேன். "அன்னைக்கு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே. எனக்காகச் சொன்னீங்க. நாளைச் சொன்னது நான்தான்னு தெரிஞ்சிருந்தா அந்தச் சாம்பிளே செல்லாதுங்க. வேறொரு நாள் வந்து புதுசா எடுத்திருப்பாங்க. தப்பு ஆபீஸோடதுன்னு ஆகியிருக்கும், உங்களோடதுன்னு ஆகியிருக்காது. அது எனக்கு அன்னைக்கே தெரியும். மேடம் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கல."

அரிவாள் குச்சியின்மேல் நின்றது. பாவாயி கட்டை மடியிலிருந்து கீழே வைத்தார்.

"எங்கூட்டுச் சோத்தைத் தின்னுபோட்டா சாமி?" என்றார். கேள்வியாகக்கூட இல்லை.

அர்த்தனாரி திரும்பிப் பார்த்தார். குச்சிக்காட்டுக்கு அப்பால் மூன்று ஓட்டு வீடுகள் வெயிலில் கிடந்தன. ஒன்றின் வாசலில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அரிவாளைக் கீழே வைத்து, தலைத்துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்து, எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, வண்டிச் சீட்டில் பதனமாக வைத்தார்.

"வண்டி இங்கயே நிக்கட்டுங்க" என்றார். "அந்த மூணு ஊட்டுக்கும் நடந்து போயி, இப்ப எங்ககிட்டச் சொன்னதைய அப்பிடியே சொல்லிப்போட்டு வாங்க. நான் கூட வரமாட்டேனுங்க."